கிளம்பும்போது கேட்கக் கூடாத கேள்வி

போன் அடித்தபோது ஈரத் துணிகளை வெந்நீர் அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் மலையூர் ஜெகதளாவில் மழை மாதங்களில் துணி வெயிலில் காய்வதில்லை. புகையில்தான் காயும். எங்கள் வீட்டுப் போர்வை எல்லாவற்றிலும் அந்த வாசம் இருக்கும்.

திரையில் ‘மாமா’ என்று வந்தது. எங்கள் ஊட்டுக்காரரை நான் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறேன். குன்னூரில் ஒரு டிராவல்ஸில் வேன் ஓட்டுகிறார்.

“ஏனுங்க, சாப்டீங்களா?” என்றேன். எடுத்தவுடன் அதைத்தான் கேட்பேன். அவருக்குச் சர்க்கரை உண்டு. காலையில் மாத்திரை போட்டுவிட்டு மத்தியானச் சோற்றைத் தள்ளிப்போட்டால் ஆகாது.

பதில் சொன்னது அவர் குரல் இல்லை. வயதான ஒரு பெண் குரல். மராட்டியில் பேசியது.

“வஹினீ, உங்கள் வீட்டுக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். அப்படியே ஸ்டீயரிங்கில் சாய்ந்துவிட்டார். கூப்பிட்டால் முனகுகிறார், கண் திறக்கவில்லை.”

வஹினீ என்றால் அண்ணி. என் கையில் அவருடைய சட்டை ஒன்று பாதி பிழிந்தபடி இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டி என் கால் விரலில் விழுந்ததுகூட நினைவிருக்கிறது. அதற்கப்புறம் நான் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. ஏதோ சொல்லியிருக்கிறேன். மராட்டியில்தான் சொல்லியிருக்கிறேன்.

மலையில் இருக்கும் ஒரு டிரைவர் பெண்டாட்டிக்கு மராட்டி எப்படி என்று கேட்பீர்கள். அதைச் சொல்லிவிட்டு அந்தப் போனுக்கு வருகிறேன். அன்றைக்கு என் உயிரும் அந்தப் போனில்தான் நின்றது.

தறிக்குப் போன ஊர்

என் அப்பா சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டினவர். தறி நின்று போன ஒரு சமயத்தில், மகாராஷ்டிராவில் இச்சல்கரஞ்சி என்கிற ஊரில் வேலை இருக்கிறதென்று யாரோ சொல்ல, எங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அப்போது ஏழாவது முடித்திருந்தேன். அங்கே இருந்தது மராட்டிப் பள்ளிக்கூடம். என்னை ஒன்றாம் வகுப்பில்தான் உட்காரவைப்போம் என்றார்கள். ஏழாவது படித்தவள் சின்னக் குழந்தைகளோடு உட்கார முடியாதென்று அழுதேன். என் படிப்பு அத்தோடு சரி.

மராட்டியை எனக்குக் குழாயடியும் காய்கறிச் சந்தையும் கற்றுக்கொடுத்தன. எழுதத் தெரியாது. ஆனால் சண்டை போடத் தெரியும். ஒரு பாஷையில் சண்டை போட வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

கல்யாணம் ஆகி இந்த மலைக்கு வந்தேன். வரும்போதே பயந்துகொண்டுதான் வந்தேன். இச்சல்கரஞ்சி உள்ளங்கை மாதிரித் தட்டையான ஊர். இங்கே ரோடு என்பதே ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத பக்கத்தைப் பார்த்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கால் கூசும்.

ஒரே ஒரு முறை அவர் என்னை வேனில் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனார். மஞ்சூர் தாண்டிக் கெத்தைக்கு இறங்கும் ரோடு. கொண்டை ஊசி வளைவு முடிந்தால் அடுத்த வளைவு. நான் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தேன்.

“ஒருக்கா கண்ணத் தொறந்து பாரு புள்ள. இதப் பாக்கறதுக்கு டெல்லில இருந்தெல்லாம் வர்றாங்க.”

ஒருமுறை திறந்தேன். எதிர் மலையில் மேலிருந்து கீழே, மரத்துக்கு நடுவில், ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய பைப்புகள் இறங்கின. கரண்டு எடுக்கத் தண்ணி கொண்டு போகிற பைப் என்றார். மறுபடி மூடிக்கொண்டேன். அந்த ரோட்டில் நான் பார்த்தது அது ஒன்றுதான்.

வாய்ஸ் மெசேஜ்

இரண்டு மூன்று வருடமாக மராட்டிக் கூட்டம் இங்கே நிறைய வருகிறது. சாங்லி, கோலாப்பூர் பக்கத்திலிருந்து வயதானவர்களாகச் சேர்ந்து வருவார்கள். இந்தி தெரிந்தவர்கள் உண்டு. எங்கள் ஊட்டுக்காரருக்குத்தான் இந்தி ‘சலோ’வுக்கு மேல் போகாது.

டிராவல்ஸ் முதலாளி ஒரு யோசனை செய்தார். டிரைவர்கள் வழியில் சொல்ல வேண்டிய வாக்கியங்களை இங்கிலீஷில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். உன் சம்சாரத்துக்கு மராட்டி வருமாமே, சொல்லச் சொல்லிப் பதிவு பண்ணிக்கோ என்றாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சமையல்கட்டில் உட்கார்ந்தோம். அவர் எழுத்துக் கூட்டி வாசித்து அர்த்தம் சொல்வார், நான் போனில் மராட்டியில் சொல்வேன். முன்னால் ரோடு அடைத்திருக்கிறது: ரஸ்தா பந்த் ஆஹே. இங்கே இறங்காதீர்கள்: இதே உதரூ நகா. நீங்கள் எங்கே போகிறீர்கள்: தும்ஹீ குடே சாலலாத். எந்த வழியாக வந்தீர்கள்: கோண்த்யா ரஸ்த்யானே ஆலாத்.

‘பக்கத்தில்தான் இருக்கிறது’ என்று ஒரு வாக்கியம். அதற்கு நான் தயங்கினேன்.

“எவ்வளவு பக்கம்னு சொல்றது?”

“சும்மா பக்கந்தான்னு சொல்லு.”

“அவங்க தட்டை ஊருக்காரங்க. பக்கம்னா பக்கம்னே நெனச்சிக்குவாங்க. நீங்க சொல்ற பக்கத்துக்குப் போறதுக்குள்ள நாலு பேரு வாந்தி எடுத்துருவாங்க.”

“அப்ப, பக்கந்தான், பையை எடுத்துக் கையில வெச்சுக்கங்கன்னு சேத்துச் சொல்லு” என்றார்.

இன்னொரு வாக்கியம், இடது பக்கம் இறங்கவும். அதையும் நாங்கள் மாற்றினோம். மலையில் ஓட்டுகிறவர்கள் இடது வலது என்று பேச மாட்டார்கள். மலைப் பக்கம், பள்ளப் பக்கம், அவ்வளவுதான். ஒரு வளைவு திரும்பினால் இடது வலது ஆகிவிடும். பள்ளம் பள்ளமாகவே இருக்கும். அதனால் டோங்கர் பக்கம் இறங்குங்கள் என்று சொல்லி வைத்தேன். டோங்கர் என்றால் மலை.

கடைசியாக ஒன்று வந்தது. கவலைப்படாதீர்கள், இந்தப் பாதை பாதுகாப்பானது.

“இதுக்கு என்னது?”

“காள்ஜி கரூ நகா.”

“அதச் சொல்லிப் பதிவு பண்ணு.”

நான் மாட்டேன் என்றேன். கெத்தை ரோட்டைக் கண் மூடிக்கொண்டு கடந்தவள் அதை எந்த வாயால் சொல்வது? எனக்கே வராத தைரியத்தை வேற பாஷையில் இன்னொருத்தருக்குக் கொடுக்க முடியாது. அவர் சிரித்துவிட்டு அதை மட்டும் விட்டுவிட்டார்.

அந்தக் குரலை அவர் வேனில் போட்டுக் காட்டுவாராம். “என்ற சம்சாரம்” என்று நெஞ்சைத் தட்டிக் காட்டுவாராம். அதனால்தான் அன்றைக்கு அவர் சாய்ந்தவுடன், அந்தப் பெண்மணி யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கவே இல்லை. அவர் போனில் கடைசியாகப் பேசியிருந்ததும் நான்தான். ஒரு நாளைக்குப் பலமுறை கூப்பிடுகிறவள் ஆயிற்றே.

வாசல் தாண்டும்போது

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது தெரியாவிட்டால் அன்றைய என் பயம் உங்களுக்குப் புரியாது.

எங்கள் வீட்டில் வண்டிக்குக் கிளம்புகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. பல வீடுகளில் உண்டு. டிரைவர் வீடுகளில் கொஞ்சம் கூடுதல். கேட்டால் போகிற காரியம் விளங்காது, வண்டிக்கு ஆகாது. ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா தெரியாமல் “காலங்காத்தால எங்கீங்க கெளம்பிட்டீங்க?” என்று கேட்டுவிட்டார். இவர் சாவியோடு திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, தண்ணி வாங்கிக் குடித்து, கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, புதிதாகக் கிளம்புகிறவர் போல மறுபடி கிளம்பினார். அந்த அக்கா அதற்கப்புறம் இவரைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

இந்தக் காலத்தில் போனிலேயே இடம் தெரியுமே, அதை அனுப்பச் சொல்லலாமே என்பீர்கள். நானும் சொன்னேன்.

“அதுவும் கேக்கறதுதானே புள்ள. வாயில கேட்டா என்ன, போன்ல கேட்டா என்ன.”

அப்புறம் நான் கேட்கவில்லை. எனக்கும் பயம்தான். எங்கே என்று தெரியாத பயம் ஒன்று, கேட்டதால் ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம் ஒன்று. இரண்டாவது பயம்தான் எப்போதும் ஜெயிக்கும்.

ஆக, அன்றைக்கு அவர் கோத்தகிரிப் பக்கம் போனாரா, ஊட்டிக்கு மேலே போனாரா, மஞ்சூர்ப் பக்கம் போனாரா, எனக்குத் தெரியாது. முதலாளி எடுத்திருந்தால் சொல்லியிருப்பார். சுமன்பாயை என் போனில் பிடித்து வைத்துக்கொண்டே, சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டு அக்காவின் போனிலிருந்து முதலாளியைக் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது.

சுமன்பாய் என்பது அந்தப் பெண்மணியின் பெயர். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டது அப்புறம்தான்.

பள்ளப் பக்கம்

“கோண்த்யா ரஸ்த்யானே ஆலாத்?” என்று கேட்டேன். எந்த வழியாக வந்தீர்கள்?

“எங்களுக்கு என்னம்மா தெரியும். டீத் தோட்டம், ரோடு, மேகம். வேறு ஒன்றும் இல்லை.”

“ஏறிக்கொண்டு வந்தீர்களா, இறங்கியா?”

“ரொம்ப நேரமாக இறங்குகிறோம். சாப்பாட்டுக்கு நிறுத்தவில்லை. முதலில் மேலே நின்று பார்த்துவிடலாம், மேகம் மூடிவிடும் என்று நாங்கள்தான் சொன்னோம்.”

சாப்பிடவில்லை.

“வேர்த்திருக்கிறதா அவருக்கு?”

“சட்டை நனைந்துவிட்டது. கை ஜில்லென்று இருக்கிறது.”

டாக்டர் ஒருமுறை என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னது இதுதான். சர்க்கரை ஏறினால் மெதுவாகக் கொல்லும்மா, இறங்கினால் நேரம் கொடுக்காது. அதைக் கேட்ட நாளிலிருந்து வண்டிப் பெட்டியில் மிட்டாய் போட்டு வைப்பேன். அதைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

“வெறும் காகிதம்தான் இருக்கிறது, வஹினீ. காலையில் எங்களுக்கெல்லாம் கொடுத்தார்.”

அதற்குள் பின்னால் ஓர் ஆண் குரல் கேட்டது. நான் ஓட்டுகிறேன், இவரை நகர்த்துங்கள் என்றது. இறக்கத்தில், மேகத்தில், தட்டை ஊரில் கார் ஓட்டிப் பழகினவர். கீழ் கியரில் இறங்கத் தெரியாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போய், அது சூடேறிப் பிடிக்காமல் போன வண்டிகளைப் பற்றி எத்தனை கேட்டிருக்கிறேன்.

“காடீ கோணீ சாலவூ நகா” என்று கத்தினேன். யாரும் வண்டியை ஓட்டாதீர்கள். “சாவியைத் தொடக்கூட வேண்டாம். பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறது?”

“கதவுப் பக்கம்.”

வேனில் ஆள் ஏறி இறங்கும் கதவு இடது பக்கம்தான். ஓரங்கட்டியதும் இடது பக்கம்தான். அப்படியானால் கதவைத் திறந்தால் கால் வைக்கிற இடம் பள்ளத்தின் ஓரம். உள்ளே இருப்பவர்கள் எல்லாம் முட்டி வலிக்காரர்கள். ஹேண்ட் பிரேக் போட்டாரா போடவில்லையா என்பது சாய்ந்து கிடக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

நாங்கள் சமையல்கட்டில் பதிவு பண்ணிய வாக்கியங்களில் ஒன்றுகூட இதற்கு உதவவில்லை. மலைப் பக்கம் இறங்குங்கள் என்று எவ்வளவு அழகாகச் சொல்லி வைத்திருந்தேன். மலைப் பக்கத்தில் அவர் கதவைத் தவிர வேறு கதவே இல்லை.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலில் ஓட்டுகிறேன் என்றவரை இறக்கி, முன் சக்கரத்துக்குக் கீழே பெரிய கல்லாகப் பார்த்து வைக்கச் சொன்னேன். மற்றவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, வண்டியில் முதுகை உரசிக்கொண்டு, முன்னால் ஓர் அடியும் வைக்காமல், காடீச்யா மாகூன், அதாவது வண்டிக்குப் பின்னால் சுற்றி, எதிர்ப் பக்கம் மலையோடு ஒட்டி நிற்கச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல சுமன்பாய் அதைத் தன் கூட்டத்துக்கு உரக்கத் திருப்பிச் சொன்னார். அவர் மட்டும் இறங்கவில்லை.

“நான் இவர் பக்கத்தில் இருக்கிறேன். பிளாஸ்க்கில் கொஞ்சம் சஹா இருக்கிறது” என்றார். சஹா என்றால் டீ. “எங்கள் சஹா பாகு மாதிரி இருக்கும்.”

“விழுங்குகிறாரா பாருங்கள். விழுங்கினால் மட்டும் கொடுங்கள். இல்லாவிட்டால் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.”

“கொஞ்சம் வெல்லமும் இருக்கிறது. கன்னத்துக்குள் தேய்த்துவிடுகிறேன்.”

போனில் காற்று வீசும் சத்தம் மட்டும் வந்தது. நான் அடுப்படியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவருடைய சட்டை மடியில் இருந்தது. என் புடவை எல்லாம் நனைந்துகொண்டிருந்தது.

“வஹினீ” என்றார் சுமன்பாய். “மேகம் கொஞ்சம் விலகுகிறது. எதிரே தெரிகிறது.”

“என்ன தெரிகிறது?”

“மலைமேல் இருந்து பெரிய பெரிய பைப் இறங்குகிறது.”

பைப்

கண்ணை மூடிக்கொண்டு போன ரோட்டில் நான் ஒரே ஒருமுறை திறந்து பார்த்தது. மஞ்சூருக்குக் கீழே, கெத்தை ரோடு. நான் இந்த மலையில் ரொம்பப் பயந்த ரோடு.

மஞ்சூர் ஸ்டாண்டில் ஜீப் ஓட்டும் மணியண்ணன் எங்களுக்குப் பழக்கம். அக்காவின் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டேன்.

“சொல்லு அம்முணி.”

சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

“அட, அழுதீன்னா எனக்கு வெளங்காது. கெத்தை எறக்கம், பைப்பு தெரியற எடம், வேன் பள்ளத்தோரம். அவ்வளவுதானே? போன வையி. இன்னொரு டிரைவரையும் ஏத்திக்கறேன், வண்டிய எடுக்கோணுமே.”

அந்தப் பக்கம் சுமன்பாயிடம் ஜீப் வருகிறது என்று சொல்லப் போனேன். போன் அறுந்துவிட்டது. மேகம் இறங்கினால் அந்த ரோட்டில் டவர் போய்விடும். மறுபடி மறுபடி போட்டேன். இப்போது தொடர்பு கொள்ள முடியாது என்று தமிழிலும் இங்கிலீஷிலும் அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்தக் காத்திருப்பைப் பற்றி நிறைய எழுத எனக்கு வராது. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கயிற்றில் போட்ட துணி ஒன்று நழுவிக் கரியில் விழுந்தது. இருவருமே அதை எடுக்கவில்லை. வெளியே பஸ் ஒன்று கியர் மாற்றி ஏறிய சத்தம் கேட்டபோது, இதில் ஒரு பிரேக்கும் பழுதில்லாமல் இருக்கட்டும் என்று யாருடைய பஸ்ஸுக்கோ வேண்டிக்கொண்டேன்.

போன் வந்தது. ‘மாமா’ என்று வந்தது. எடுக்கப் பயந்து அக்காவிடம் கொடுத்தேன். அவர் என் காதிலேயே வைத்தார்.

“வஹினீ, கண் திறந்துவிட்டார். நான் யார் என்று தமிழில் கேட்கிறார் போலிருக்கிறது. ஜீப்பும் வந்துவிட்டது.” அப்புறம் மெதுவாகச் சொன்னார். “காள்ஜி கரூ நகா.”

கவலைப்படாதீர்கள். நான் பதிவு பண்ண மாட்டேன் என்று சொன்ன வாக்கியம். அவ்வளவு பெரிய பள்ளத்தின் ஓரத்தில், கல் முட்டுக் கொடுத்து நின்ற வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு கிழவி அதை எனக்குச் சொன்னார்.

திரும்பவும் வாசல்

மஞ்சூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, திட்டி, மாத்திரையைக் குறைத்து அனுப்பினார்கள். டாக்டர் சொன்னபடி பல வாரம் வீட்டில் இருந்தார். அந்த வாரங்களில்தான் நான் ராத்திரி முழுசாகத் தூங்கினேன்.

ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு மறுநாளே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லி ஆகப்போவதில்லை. மிட்டாய்ப் பொட்டலத்தை மட்டும் இரண்டாகக் கட்டினேன். ஒன்று வருகிறவர்களுக்கு, ஒன்று அவருக்கு.

வாசலில் செருப்பை மாட்டினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்கக் கூடாது. கேட்டால் ஆகாது. எனக்கு அது இன்னும் நம்பிக்கைதான், இப்போதும் மாறவில்லை. ஆனால் மேகத்துக்குள் இருந்து ஒரு குரல் வந்து, எந்த ரோடு என்று தெரியாமல் இன்னொரு முறை தரையில் உட்கார என்னால் முடியாது.

“குடே சாலலாத்?” என்றேன்.

எங்கே போகிறீர்கள் என்று தமிழில் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று வைத்தவர்களுக்கு மராட்டி தெரிந்திருக்காது.

அவர் ஒரு காலில் செருப்போடு நின்றுவிட்டார். திரும்பி உள்ளே வந்து, கழற்றி, தண்ணி கேட்டு, நாற்காலியில் உட்காரப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் இன்னொரு செருப்பையும் மாட்டினார். போனில் என் குரலைக் கேட்டுக் கேட்டுப் பழகின மராட்டியில், ஒவ்வொரு வார்த்தையாக, பரீட்சை ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னார்.

“கோத்தகிரி. ஸந்த்யாகாளீ பரத்.”

சாயங்காலம் திரும்பிவிடுவேன் என்று அர்த்தம். கேட் சாத்தும்போது, “போதுமா புள்ள?” என்றார்.

உள்ளே வந்து பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தேன். மேகம் இறங்கியிருந்தது. கை அதன்பாட்டுக்கு நறுக்கியது, மனசு ரோட்டில் போனது. இப்போது கோத்தகிரி ரோட்டில் கட்டபெட்டு வந்திருக்கும். அந்த வளைவில் பள்ளம் எந்தப் பக்கம் என்று யோசித்தேன். பஸ்ஸில் அந்தப் பக்கம் போனபோதெல்லாம் பார்த்ததில்லை, கண்ணை மூடியிருந்தேன். அடுத்த முறை திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

போனை எடுத்தேன். கூப்பிடவில்லை. ஓட்டுகிற நேரம். கையிலேயே வைத்துக்கொண்டேன்.